தனுஷ்கோடியைக் காதால் காண

1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி ஆலயத்தின் படத்தை, நம் மரபைக் காக்கும் அறக்கட்டளையின் இணையதளத்தில் கண்டு நாம் மனம் கலங்குகிறோம். பார்வையற்ற நம் சகோதரருக்கோ, எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் வெறும் 'படம்' என்று சொல்லி நகர்ந்துவிடும். 'கூரையின்றி மணலில் நிற்கும் பவளக்கல் சுவர்கள்' என்று படத்தோடு ஒரு வரி இணைத்தால் அவரும் அறிந்துகொள்வார்.

கட்டுரைகளை ஸ்கேன் செய்த படமாக இடாமல், யூனிகோடு எழுத்தில் தருவோம். காணொலியில் பேச்சை எழுத்தாகவும் காட்டுவோம். காது கேளாதோர் வாசிப்பார்கள். மின்னணு ஊடகத் தகவல் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது.

அந்த மணலில் நடக்க இயலாதவருக்கு இணையதளமே வாசல். அதையும் நாம் அடைத்து வைக்கலாமா?