வீட்டு வாசலிலேயே கார் பேட்டரி மாற்றம்: பணம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

காலை ஐந்தரை மணி. கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் தொழிற்சாலைக்கு முதல் ஷிப்டு வேலைக்குக் கிளம்பும் ஒருவர் காரின் சாவியைத் திருப்புகிறார். 'டக் டக்' என்ற சத்தம் மட்டுமே வருகிறது. பக்கத்துப் பட்டறை திறக்க இன்னும் மூன்று மணி நேரமாவது ஆகும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்திலும் இதே நிலைதான். அங்கிருந்து காரைத் தள்ளி வெளியே கொண்டு வரவும் முடியாது.

இத்தகைய நேரத்தில் கைகொடுப்பது வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றித் தரும் சேவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இது இப்போது சாதாரணமாகிவிட்டது. கைப்பேசியில் அழைத்து, வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பினால், தொழில்நுட்பர் மோட்டார் சைக்கிளிலோ வேனிலோ புதிய பேட்டரியுடன் வந்துவிடுகிறார். ஆனால் வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் பலர் எதையும் கேட்காமல் சில நூறு ரிங்கிட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துக் கார் மீண்டும் நிற்கும்போதுதான் கோளாறு வேறு இடத்தில் இருந்தது தெரிய வருகிறது.

செத்தது பேட்டரிதானா?

கார் கிளம்பவில்லை என்றாலே பேட்டரி போய்விட்டது என்று பொருள் அல்ல. 'டக் டக்' சத்தம் வந்து, முன்விளக்கு மங்கி, ஹாரனும் ஈனமாக ஒலித்தால் பேட்டரி மீது சந்தேகப்படலாம். விளக்கு பளிச்சென்று எரிந்தும் எஞ்சின் சுற்றவில்லை என்றால், ஸ்டார்ட்டர் மோட்டாரில் கோளாறு இருக்கலாம். கியர் 'பி' நிலையில் சரியாக விழாததும் ஒரு காரணம். எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், பெட்ரோல் அல்லது தீப்பொறி தொடர்பான சிக்கலாக இருக்கக்கூடும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் சாவிக்குள் இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டாலும் கார் அசையாது. அப்போது சாவியைப் பொத்தானுக்கு அருகே வைத்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும்.

நம் நாட்டில் கார் பேட்டரி விரைவில் தேய்வதற்கு முக்கியக் காரணம் வெப்பம். பகலில் 32, 33 டிகிரி வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து பேட்டரியின் உள்ளே உள்ள ஈயத் தகடுகளை அரிக்கின்றன. குளிர்நாடுகளில் நான்கைந்து ஆண்டுகள் உழைக்கும் பேட்டரி, இங்கே பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளை ஒட்டியே தளர்ந்துவிடுகிறது. காரை ஓட்டாமல் வைத்திருப்பதும் கெடுதல்தான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபின், வாரக்கணக்கில் நின்ற கார்கள் பல பேட்டரி தீர்ந்து கிடந்தன. அலாரமும் டேஷ்கேமும் கார் நிற்கும்போதுகூட மின்சாரத்தை உறிஞ்சுகின்றன.

தொலைபேசியிலேயே பேசிவிட வேண்டியவை

அழைக்கும்போது காரின் மாடல், ஆண்டு இரண்டையும் சொல்ல வேண்டும். பழைய பேட்டரியின் மேல் உள்ள எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. என்எஸ்40, என்எஸ்60 போன்றவை பேட்டரியின் அளவைக் குறிக்கும். அதன் முடிவில் வரும் 'எல்' எழுத்து, முனைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதைக் காட்டும். பக்கம் மாறினால் காரின் வயர் எட்டாது.

சிவப்பு விளக்கில் தானாக எஞ்சின் நின்று கிளம்பும் வசதி கொண்ட கார்களுக்கு அதற்கென்றே செய்யப்பட்ட பேட்டரி தேவை. விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் பொருத்தினால் அது சீக்கிரமே பழுதாகிவிடும்.

மொத்த விலை எவ்வளவு, அதில் வருகைக் கட்டணமும் பொருத்தும் கூலியும் அடக்கமா, பழைய பேட்டரியைக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள், உத்தரவாதம் எத்தனை மாதம் ஆகியவற்றைத் தொலைபேசியிலேயே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்வது நல்லது. கேரித் தீவு போன்ற தோட்டப்புறங்களில் இருப்பவர்கள் தூரத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முழுக் காப்புறுதி எடுத்தவர்கள் பலருக்கு 24 மணி நேரச் சாலை உதவியும் சேர்ந்தே கிடைக்கிறது. ஜம்பர் போட்டுக் காரைக் கிளப்பித் தருவதும் அந்த உதவியில் அடங்கலாம். காப்புறுதிப் பத்திரத்தில் உள்ள உதவி எண்ணை முன்கூட்டியே கைப்பேசியில் பதிந்து வைத்தால் செலவே இல்லாமல் பட்டறை வரை போய்ச் சேரலாம்.

வாசலில் நடக்க வேண்டிய வேலை

தொழில்நுட்பர் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது சோதனை. எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் தீர்ந்துவிட்டது. ஆனால் தீர்ந்ததும் கெட்டதும் ஒன்றல்ல. இரவு முழுவதும் உள்விளக்கு எரிந்ததால் தீர்ந்த பேட்டரிக்கு மின்னேற்றினாலே போதும். பேட்டரியின் பலத்தை அளக்கும் கருவியில் சோதித்துக் காட்டும்படி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

புதிய பேட்டரியில் உற்பத்தித் தேதியைப் பார்க்க வேண்டும். பல மாதம் கடையில் கிடந்த பேட்டரியின் பலம் குறைந்திருக்கலாம். கழற்றும்போது கறுப்பு முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுவதே முறை. ஸ்பேனர் தவறிக் காரின் இரும்பில் பட்டாலும் தீப்பொறி பறக்காமல் இருக்கவே இந்த ஒழுங்கு.

பலர் தவறவிடுவது கடைசிச் சோதனையைத்தான். எஞ்சினை ஓடவிட்டு மீண்டும் அளக்கும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். பல புதிய கார்களில் இது சற்று ஏறி இறங்கும். எஞ்சின் ஓடும்போதும் 12 வோல்ட் அளவிலேயே நின்றால், மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். அந்தக் காருக்கு எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் நிலைக்காது. ஒரு நிமிடம்கூட எடுக்காத இந்தச் சோதனை, வீணாகச் சில நூறு ரிங்கிட் போவதைத் தடுக்கும்.

பழைய பேட்டரியும் ரசீதும்

பழைய பேட்டரிக்கு மதிப்பு உண்டு. அதிலுள்ள ஈயத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்துகிறார்கள். ஈயமும் கந்தக அமிலமும் நஞ்சு என்பதால், 2005-ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவு விதிமுறைகளில் இத்தகைய பேட்டரிகள் எஸ்டபிள்யூ102 என்ற பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளன. எனவே வீட்டுப் பின்புறத்தில் போட்டு வைக்காமலும் குப்பையில் வீசாமலும், விலையில் கழித்துக்கொண்டு கொடுத்துவிடுவதே நல்லது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம்.

பணம் கொடுத்ததும் தேதி, பேட்டரியின் வரிசை எண், காரின் பதிவெண் எழுதிய ரசீதையும் உத்தரவாத அட்டையையும் வாங்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் பேட்டரி பழுதாகியும் விற்றவர் கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கு 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை வெறும் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். அதற்கு வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் கையில் ரசீது இருந்தால்தான் வழக்கு நிற்கும்.