மின்கிதார் பயிலத் தொடங்குவோருக்கு

நம் வட்டாரத்து இளைஞருக்கு மின்கிதார் புதிய கருவியன்று. 1961இல் ஷேடோஸ் குழுவினர் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துச் சென்றபின் இங்கும் மலாயாவிலும் கிதார்க் குழுக்கள் மளமளவென்று முளைத்தன. இன்றும் அதை ஆவலோடு வாங்குவோர் பலர். சில மாதங்களில் சுவர் மூலையில் சார்த்திவிடுவோரும் பலர். தமக்கு விரல்வளம் இல்லையென அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். பெரும்பாலும் குறை விரலில் இல்லை. கருவியின் இயல்பை அறியாமையில் இருக்கிறது.

மின்கிதாரின் உடல் பெரும்பாலும் திண்ணிய மரப்பலகையே. வீணையின் குடம்போல் நாதத்தைப் பெருக்கும் உட்கூடு அதற்கில்லை. தந்திகளின் அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. கம்பிச் சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்ட தத்துவமே இது. அந்த மின்னோட்டத்தை ஒலிபெருக்கி ஓசையாக்குகிறது. நைலான் தந்திக்குக் காந்தப்புலத்தை மாற்றும் தன்மையில்லை; ஆகவே அது இங்கே பயன்படாது.

ஒலியைப் பெருக்குவது மின்சாரமாதலால், தந்தியை ஓங்கியடிக்கத் தேவையில்லை. மிக மெல்லிய தந்தியின் கனம் பொதுவாக அங்குலத்தில் ஆயிரத்தில் 9 அல்லது 10 பங்குதான். விரலை மெட்டின்மேல் வைக்காது, அதற்குச் சற்றுப் பின்னே ஒட்டினாற்போல் வைத்தால் சிறிது அழுத்தமே போதும். மிகுதியாக அழுத்தினால் விரல் நோவதோடு சுருதியும் ஏறிவிடும்.

ஆனால் மின்சாரம் வேண்டியது வேண்டாதது பார்ப்பதில்லை. மீட்டாத தந்தியின் அதிர்வையும் விரல் உரசும் கீச்சொலியையும் சேர்த்தே அது பெருக்கும். ஆகவே தந்தியை அடக்குவது இக்கருவியில் பாதி வித்தை என்பேன். வலக்கை விளிம்பால் கனத்த தந்திகளையும், இடக்கை விரல்களின் அடிப்பாகத்தால் மெல்லிய தந்திகளையும் தொட்டு அடக்கப் பழக வேண்டும். மரக்கிதாரில் தேர்ந்தவர்கூட இங்கேதான் இடறுகிறார்.

வாங்கும்போதே டியூனர் ஒன்றும் வாங்குக. கனத்த தந்தி முதலாக இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி கூட்டுவது வழக்கம். ஏ தந்தி வினாடிக்கு 110 அதிர்வு. 12ஆம் மெட்டில் அழுத்தினால் அது 220 ஆக வேண்டும். ஆகாவிட்டால் அடிப்பாலத்துத் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். கடைக்காரரும் செய்து தருவார். சுருதி சேராத கருவியில் பயின்றால் செவி கெடும்.

முதல் வாரங்களில் ஒரு தந்தி, நான்கு மெட்டு, நான்கு விரல். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்தல் நலம். பிறகு சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்த இருசுரப் பிடி. ராக் இசையில் பெருவழக்கானது இதுவே. கரகரப்பொலி கூட்டினாலும் தெளிவு கெடாது. ஆனால் அந்தக் கரகரப்புப் பெட்டியைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம். அது பிழைகளை மறைத்துவிடும்! அடுக்குமாடி வீட்டில் இருப்போர் ஹெட்போன் பொருத்திக்கொண்டால் அண்டை வீட்டார் நட்பும் நிலைக்கும்.

வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட நாள்தோறும் 15 நிமிடம் மேல். விரல்நுனித் தோல் சில வாரங்களில் காய்த்துவிடும். வாசிப்பதை நெடுநாள் விட்டுவிட்டால் மீண்டும் மென்மையாகிவிடும்.