பகைவனுக்கும் ஒரு முகம் உண்டு

போர்ப் படங்கள் திரைப்படக் கலையோடு ஏறத்தாழ உடன் பிறந்தவை எனலாம். 1929-ஆம் ஆண்டில் ஆஸ்கார் விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, சிறந்த படத்திற்கான பரிசைப் பெற்றது 'விங்ஸ்' என்ற போர்ப் படமே. முதல் உலகப் போரின் விமானிகளைப் பற்றிய அந்தப் படம் 1927-இல் வெளிவந்தது. அன்று அத்தகைய படங்களைக் காண மக்கள் கொட்டகையைத் தேடிச் சென்றார்கள். இன்றோ அவை தொலைக்காட்சி வழியாக நம் கூடத்திற்கும், கைப்பேசி வழியாக நம் பிள்ளைகளின் உள்ளங்கைக்கும் வந்துவிட்டன.

இவற்றைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. பெரும்பாலும் அவர்கள் அஞ்சுவது திரையில் சிந்தும் இரத்தத்தைக் கண்டுதான். அந்த அச்சம் தவறன்று. ஆயினும் நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. சுடப்பட்டு விழுகிறவன் அந்தப் படத்தில் யாராக இருக்கிறான்? மனிதனாகவா, வெறும் இலக்காகவா? ஒரு போர்ப் படத்தின் தரத்தை அளந்தறிய இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை என்பது நம் கருத்து.

முகம் மறைக்கப்பட்ட எதிரி

1986-இல் வெளிவந்து உலகெங்கும் பெருவெற்றி பெற்ற 'டாப் கன்' என்ற அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். கடற்படை விமானிகளின் பயிற்சியையும் போட்டியையும் நட்பையும் அது விறுவிறுப்பாகக் காட்டுகிறது. இறுதியில் வான்போர் மூள்கிறது. எதிரி எந்த நாட்டான் என்பதைப் படம் சொல்வதே இல்லை. எதிரி விமானிகளின் முகங்களைத் தலைக்கவசத்தின் கருங்கண்ணாடி முற்றாக மறைத்துவிடுகிறது. அவர்களுடைய விமானங்கள் தீப்பிழம்பாகும்போது கொட்டகையில் கைதட்டல் எழுகிறது. மாண்டவன் எந்தத் தாயின் மகன் என்று எவரும் கேட்பதில்லை. முகம் தெரிந்திருந்தால் அந்தக் கைகள் அவ்வளவு எளிதாகத் தட்டியிருக்குமா? 2022-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்திலும் எதிரி நாட்டிற்குப் பெயரில்லை.

இத்தகைய படங்களுக்குப் போர்க்கப்பல்களும் விமானங்களும் தேவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அவற்றைத் தந்து உதவும் முன்னர்த் திரைக்கதையை வாங்கிப் படித்துப் பார்க்கிறது. வேண்டிய மாற்றங்களையும் கேட்கிறது. 'டாப் கன்' ஓடிய சில கொட்டகைகளின் வாயிலிலேயே கடற்படைக்கு ஆள் சேர்ப்போர் மேசை போட்டு அமர்ந்திருந்தனர். படம் யாருக்காகப் பேசிற்று என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ?

"போர்வீரனைப் புகழ்வதில் என்ன குற்றம்?" என்று சிலர் கேட்கலாம். புகழ்வதில் குற்றமில்லை. அவனுடைய துணிவு மெய்யானது. தோழனுக்காக உயிரைத் தரும் அவன் அன்பு மெய்யானது. ஆனால் எதிரியின் முகத்தை மறைக்கும் படம் தன் வீரனுக்கும் அநீதியே இழைக்கிறது. கொல்ல நேர்ந்தவன் ஆயுள் முழுவதும் சுமக்கும் பாரம் அதில் இடம்பெறுவதில்லை. போர் முடிந்து வீடு திரும்பியும் உறக்கமின்றித் தவிப்பவனுக்கு அதில் வேடமே கிடையாது.

குழியில் ஓர் இரவு

முகத்தை மறைக்காத படங்களும் உண்டு. அவற்றுள் முதன்மையானது 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்'. மேற்குப் போர்முனையில் எல்லாம் அமைதி என்பது அதன் பொருள். முதல் உலகப் போரில் குண்டுச் சிதறல்களால் காயமுற்ற எரிக் மரியா ரெமார்க் என்ற ஜெர்மானியர் எழுதி, 1929-இல் நூலாக வெளிவந்த நாவலைத் தழுவி, 1930-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் இதனை அமெரிக்காவில் இயக்கினார்.

பால் என்ற ஜெர்மானிய மாணவன் ஆசிரியரின் அனல் பறக்கும் பேச்சைக் கேட்டு வகுப்பறையிலிருந்து நேரே படைக்குச் செல்கிறான். ஒரு நாள், குண்டு வீழ்ந்து உண்டான குழியொன்றில் அவன் பதுங்கியிருக்கும்போது பிரெஞ்சு வீரன் ஒருவன் அதே குழிக்குள் குதிக்கிறான். அச்சத்தில் பால் அவனைக் குத்திவிடுகிறான். குத்துண்டவன் உடனே சாகவில்லை. இரவெல்லாம் இருவரும் அந்தக் குழியிலேயே கிடக்கிறார்கள். பால் தண்ணீர் கொடுக்கிறான், கெஞ்சுகிறான், மன்னிப்பு வேண்டுகிறான். அவன் திறந்த கண்களோடு இறந்துபோகிறான். அவன் சட்டைப்பையில் மனைவியும் குழந்தையும் இருக்கும் புகைப்படம் கிடைக்கிறது. அவன் பெயரும் தெரியவருகிறது. அந்தக் கணம் முதல் அவன் எதிரி அல்லன். ஒருத்தியின் கணவன், ஒரு குழந்தையின் தந்தை.

அந்தப் பிரெஞ்சு வீரனாக நடித்தவர் ரேமண்ட் கிரிஃபித். பேசாப்பட நாட்களில் நகைச்சுவை நடிகராகப் பெயர் பெற்றவர். தொண்டை பழுதுபட்டுக் குரலை ஏறக்குறைய இழந்திருந்தமையால், பேசும் படங்கள் வந்ததும் வாய்ப்பிழந்தார். ஒரு சொல்லும் பேசாமல் அவர் சாகும் அந்தக் காட்சியே அவருடைய கடைசி வேடமாயிற்று.

இந்தப் படத்தைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்தார்கள். 1930 டிசம்பரில் பெர்லினில் இது திரையிடப்பட்டபோது, கோயபல்ஸின் தலைமையில் நாஜிகள் கொட்டகைக்குள் நாற்றக் குண்டுகளை வீசினர். வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டுக் கலகம் செய்தனர். ஒரு வாரத்திற்குள் ஜெர்மானியத் தணிக்கைக் குழு படத்தைத் தடை செய்தது. ஜெர்மானியப் படைக்கு இழுக்கு என்பது அவர்கள் சொன்ன காரணம். 1933-இல் ரெமார்க்கின் நூல் தீயிலிடப்பட்டது. அவர் நாட்டை விட்டு வெளியேறினார். போரில் தோற்றுவிட்டோம் என்று பேசியதற்காக அவருடைய தங்கை எல்ஃபிரீட 1943 டிசம்பரில் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார். முகமற்ற எதிரி தேவைப்படுவோருக்கு, எதிரியின் முகத்தைக் காட்டும் படம் எத்துணை அபாயமானது என்பதை இந்த வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

நடித்தவர் நடந்த வழி

பாலாக நடித்த லூ ஐர்ஸுக்கு அப்போது வயது ஏறத்தாழ 21. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவரைப் படைக்கு அழைத்தது. கொல்லும் ஆயுதத்தைத் தொடமாட்டேன் என்று 1942-இல் அவர் அறிவித்தார். நாடெங்கும் கூச்சல் எழுந்தது. கோழை என்று ஏசினர். அவர் நடித்த படங்களைத் திரையிடப் பல கொட்டகைகள் மறுத்தன. முதலில் ஆரிகன் மாநிலத்தில் ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

போர்க்களத்திற்குச் செல்லவே மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. காயமுற்றோரைக் காக்கும் மருத்துவப் பணியையே வேண்டினார். பின்னர் அது கிடைத்தது. நியூ கினியிலும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் குண்டுமாரிக்கு நடுவே அவர் மருத்துவ உதவியாளராகவும் படைக் குருவின் துணைவராகவும் பணியாற்றினார். அந்தச் சேவைக்குக் கிடைத்த ஊதியத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்திற்குக் கொடுத்தார். கோழை என்றவர்கள் பிறகு வாயடைத்துப்போயினர். ஒரு படம் ஒரு மனிதனை எவ்வளவு ஆழமாகத் தொடக்கூடும் என்பதற்கு ஐர்ஸின் வாழ்வைக் காட்டிலும் வேறு சான்று தேவையா?

பெரிதாகிப்போன மேசை

1937-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் படைத்த 'லா கிராந்து இல்யூசியோன்' என்ற படமும் முதல் உலகப் போரைப் பற்றியதே. 'மாபெரும் மாயை' என்று தமிழில் கூறலாம். ரெனுவாரும் அப்போரில் காயமுற்றவர்; பின்னர் விமானப் படையில் பறந்தவர். அவர் அன்று அணிந்திருந்த சீருடையையே படத்தில் நடிகர் ழான் காபேன் அணிந்து நடித்தார். போர்ப் படமாயிருந்தும் போர்க்களக் காட்சி ஒன்றுகூட இதில் இல்லை.

ஜெர்மானியச் சிறையிலிருந்து தப்பிய பிரெஞ்சு வீரர் இருவர் மலையடிவாரப் பண்ணை வீடொன்றில் அடைக்கலம் புகுகின்றனர். வீட்டுக்காரி ஜெர்மானிய விதவை. கணவனும் உடன்பிறந்தோரும் போரில் இறந்துவிட்டனர். படங்களைக் காட்டி அவர்கள் மாண்ட இடங்களைச் சொல்கிறாள்: வெர்தன், லியேஜ், ஷார்லெருவா, டானன்பர்க். அவற்றுட் பல ஜெர்மனி வெற்றி முழக்கமிட்ட இடங்கள்! முன்பு குடும்பமே சூழ்ந்து உண்ட மேசை இப்போது அவளுக்கும் சிறுமிக்கும் மிகப் பெரிதாகிவிட்டது. வெற்றி என்பது ஒரு வீட்டின் உணவு மேசையில் எப்படித் தோன்றும் என்பதை இந்தக் காட்சி ஆரவாரமின்றிச் சொல்லிவிடுகிறது. ஹிட்லரின் ஜெர்மனியும் முசோலினியின் இத்தாலியும் இந்தப் படத்தைத் தடை செய்ததில் வியப்பில்லை.

ஒரே தீவு, இரு படங்கள்

அண்மைக் காலத்தில் அமெரிக்க இயக்குநர் கிளின்ட் ஈஸ்ட்வுட் அரியதொரு முயற்சியை மேற்கொண்டார். 1945-இல் பசிபிக் கடலின் ஈவோ ஜீமா தீவில் நடந்த போரில் ஏறத்தாழ 6,800 அமெரிக்கர் மாண்டனர். தீவைக் காத்துநின்ற ஏறத்தாழ 20,000 ஜப்பானியருள் பெரும்பாலோர் மடிந்தனர். இந்த ஒரே போரைப் பற்றி அவர் 2006-இல் இரண்டு படங்களை வெளியிட்டார். ஒன்று அமெரிக்கரின் பார்வையில் அமைந்தது. 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஈவோ ஜீமா' என்ற மற்றொன்று ஜப்பானியரின் பார்வையில், பெரும்பகுதி ஜப்பானிய மொழியிலேயே அமைந்தது.

அதில் காயமுற்ற அமெரிக்க இளைஞன் ஒருவன் ஜப்பானியர் கையில் பிடிபட்டு இறக்கிறான். அவனிடமிருந்த தாயின் கடிதத்தை ஜப்பானிய அதிகாரி தம் வீரர்களுக்கு மொழிபெயர்த்து வாசிக்கிறார். வீட்டுச் செய்திகளும், பத்திரமாகத் திரும்பி வா என்ற வேண்டுதலும், நேர்மையாய் நட என்ற அறிவுரையும் அதில் உள்ளன. கேட்டுக்கொண்டிருந்த வீரர்கள் ஒவ்வொருவராய் எழுந்து நிற்கின்றனர். தன் தாய் எழுதியதும் இதேதான் என்கிறான் ஒருவன். கடலுக்கு அப்பால் இருப்பவர்கள் காட்டுமிராண்டிகள் என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்த பாடம் ஒரு தாயின் கடிதத்தால் கலைந்துபோகிறது.

பார்ப்பவர் கடமை

எதிரியின் முகத்தைக் கண்டால் வீரனின் கை தளர்ந்துவிடாதா, நாட்டைக் காப்பது எப்படி என்று வினவுவோர் உண்டு. நாட்டைக் காப்பது கடமை. அதற்கு வெறுப்புத் தேவையில்லை. எதிரியும் மனிதன் என்று அறிந்த வீரனே சரணடைந்தவனைச் சுடமாட்டான். 1998-இல் வெளிவந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் நார்மண்டிக் கடற்கரைக் காட்சியில், கைகளை உயர்த்திச் சரணடையும் இரு வீரர்களை அமெரிக்கர் சுட்டுவிட்டுக் கேலி பேசுகின்றனர். அவ்விருவரும் கெஞ்சிப் பேசியது செக் மொழியில்: தாங்கள் ஜெர்மானியர் அல்லர், யாரையும் கொல்லவில்லை என்று! படத்தில் அதற்கு மொழிபெயர்ப்புத் தரப்படவில்லை. சுட்டவர்களைப் போலவே பார்ப்பவர்களில் பெரும்பாலோரும் அது விளங்காமல் கடந்து செல்கின்றனர். அறியாமை எவ்வளவு எளிதாகக் கொலையாகிறது என்பதை அந்தச் சில நொடிகள் காட்டுகின்றன.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகள் போர்ப் படமே பார்க்கக் கூடாது என்று தடுப்பதால் பயன் விளையாது. நீங்கள் இல்லாத நேரத்தில் பார்ப்பார்கள். வளர்ந்த பிள்ளைகளோடு நீங்களும் அமர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் யார் வென்றது, எத்தனை விமானம் வீழ்ந்தது என்று அவர்கள் உற்சாகமாகப் பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் பேசி முடித்ததும் நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மறுபக்கத்தில் செத்தவர்களுள் ஒருவனுடைய பெயராவது உனக்குத் தெரிந்ததா?"

தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால், அந்தப் படம் எதை மறைத்தது என்பதை அவனே யோசிக்கத் தொடங்குவான்.