மன்றம் வேறு, சங்கம் வேறு, கவுன்சில் வேறு

எங்கள் குடியிருப்பில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி சென்ற மாதம் செல்போனை நீட்டினாள். ஏதோ ஒரு சங்கத்தின் உறுப்பினர் படிவம். பணம் கட்டினால் அடையாள அட்டை, சான்றிதழ், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நாலு எழுத்து. "சேரலாமா அங்கிள்? கிளாஸ்ல பாதிப் பேர் சேர்ந்துட்டாங்க" என்றாள். அவள் அப்பாவுக்கு வேறு கேள்வி: "இதுல சேர்ந்தா கவுன்சலிங் பண்ணலாமாமே, நிஜமா?"

இல்லை. ஆனால் அவர் குழம்பியதில் தப்பில்லை. நாலு பேர் கூடிப் பலகை மாட்டினால் நமக்கு எல்லாமே அசோசியேஷன்தான். உளவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் மூன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தே ஆகவேண்டும். கல்லூரிக்குள் இருப்பது மன்றம். தொழில் செய்பவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்துவது சங்கம். சட்டத்தின் பேரில் இருப்பது கவுன்சில். அப்பாவின் கேள்விக்குப் பதில் மூன்றாவதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்வது இந்திய மறுவாழ்வு கவுன்சில், சுருக்கமாக ஆர்.சி.ஐ. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குவது. அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு ஒரு எண் கிடைக்கும், துறைக்காரர்கள் 'சி.ஆர்.ஆர். நம்பர்' என்பார்கள். அந்த எண் இல்லாமல் சட்டம் குறிப்பிடும் மறுவாழ்வுத் தொழில்களைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையை இன்றைய விலைவாசியில் படித்தால் சிரிப்பு வரும். சிறை என்ற சொல்லைப் படித்தால் வராது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும், மருத்துவ உளவியலாளர் என்பவர் யார் என்று சொல்லும்போது ஆர்.சி.ஐ. அங்கீகரித்த, மேற்பார்வையுடன் கூடிய முழுநேரப் பயிற்சியைத்தான் கேட்கிறது. வழக்கமான பி.எஸ்சி. உளவியல் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவேட்டில் ஏற வழி இல்லை.

மற்ற உளவியலாளர்களுக்கும் ஆற்றுப்படுத்துநர்களுக்கும் 2021-இல் தனியே ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. துணை மருத்துவத் தொழில்கள் பலவற்றை ஒரே குடைக்குள் கொண்டுவரும் சட்டம் அது. 2025-இல் யு.ஜி.சி. தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் உளவியல் படிப்புகளை நிறுத்தச் சொன்னதும் இதன் தொடர்ச்சிதான்: நோயாளிக்கு எதிரே உட்காரப் போகிறவர் அஞ்சல் வழியில் படித்தால் போதாது என்பது வாதம்.

இனி சங்கம். இந்தியாவுக்கு இது புதிதல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியல் துறை தொடங்கியது; எட்டே ஆண்டுகளில், 1924-இல், இந்திய உளவியல் சங்கம் பிறந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் துறை வந்தது 1943-இல். மருத்துவ உளவியலாளர்களின் இந்தியச் சங்கம் 1968-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட சங்கங்கள் ஆண்டுதோறும் மாநாடு கூட்டும், ஆய்விதழ் நடத்தும், தொழில் நெறி பேசும். இளநிலை மாணவருக்கு இதில் என்ன கிடைக்கும்? முக்கியமாக மாநாடு. பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் தெரிந்தவர் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் நிற்பார். தன் சின்ன ஆய்வைச் சுவரொட்டியாக ஒட்டிவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பேராசிரியர் கேட்கும் கேள்விக்குத் திணறுவது எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

ஆனால் எல்லாச் சங்கமும் இந்த ரகம் அல்ல. 'அரசு பதிவு பெற்றது' என்று படிவத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தால் மயங்கவேண்டாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் இருந்தால் போதும். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கமும் அதே சட்டத்தில் பதிவானதுதான். தண்ணீர் லாரியை வரவழைக்கவே அதற்கு அதிகாரம் போதவில்லை. கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. நிர்வாகிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? கடைசி மாநாடு எங்கே நடந்தது? ஆய்விதழ் எதுவும் உண்டா, அதை யாராவது படிக்கிறார்களா? உங்கள் ஆசிரியர்களில் ஒருவராவது அதில் உறுப்பினரா? நாலில் ஒன்றுக்கும் பதில் இல்லாமல் சான்றிதழ் மட்டும் உடனே வந்தால், அந்தச் சான்றிதழின் மதிப்பு அச்சடித்த கூலிதான்.

மாணவர்கள் தாங்களே தொடங்கிய அமைப்புகளும் உலகில் உண்டு. அமெரிக்காவின் 'சை கை'யின் கதை சுவையானது. ஃப்ரெடரிக் லூயிஸ், எட்வின் நியூமன் என்ற இரண்டு இளைஞர்கள், உளவியல் மாணவர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு கழகம் வேண்டும் என்று கிளம்பினார்கள். 1929 செப்டம்பர் 4 அன்று யேல் பல்கலைக்கழகத்தில் அது முறையாகப் பிறந்தது. அந்த நாளையும் இடத்தையும் தேர்ந்தெடுத்ததில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது: ஒன்பதாவது சர்வதேச உளவியல் மாநாடு அப்போது அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. ரஷ்யாவிலிருந்து பாவ்லோவே வந்திருந்தார். பெரியவர்கள் கூடிய பந்தலிலேயே பிள்ளைகள் தங்கள் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. நல்ல மதிப்பெண் இருந்தால்தான் சேரமுடியும். ஒருமுறை கட்டணம், ஆயுள் முழுக்க உறுப்பினர். அமெரிக்க மத்திய அரசு வேலையில் இத்தகைய கழக உறுப்பினர் தகுதியைக் காட்டி, இளநிலைப் பட்டதாரி ஒருவர் தொடக்க ஊதிய நிலைக்கு மேலே உள்ள ஜி.எஸ்.-7 நிலையில் நுழைய விதியில் இடம் உண்டு. நம் ஊர் மாணவர்கள் 'அங்கே மதிப்பு இருக்கிறதே' என்று சொல்வது இதைப் பார்த்துத்தான். அங்கேயும் சிகிச்சை தர உரிமம் வழங்குவது மாநில வாரியங்கள். சை கையும் அல்ல, 1892-இல் தோன்றிய அமெரிக்க உளவியல் சங்கமும் அல்ல. ஐரோப்பாவிலோ உளவியல் மாணவர் சங்கங்கள் 1987-இல் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பே அமைத்துக்கொண்டன. மாநாடு, கோடைப் பயிற்சி, மாணவர் ஆய்வுகளுக்கென ஓர் இதழ் என்று அது ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் பேசினாலும், பணம் கேட்காத கல்லூரி மன்றத்துக்குத்தான் என் ஓட்டு. அக்டோபர் 10 உலக மனநல நாளுக்குக் கோலப் போட்டி வைப்பதோடு முடங்கிப்போன மன்றங்களைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருப்பவையும் உண்டு. அங்கே சீனியர்கள் எந்த நுழைவுத் தேர்வை எப்போது எழுதவேண்டும் என்று சொல்லித் தருவார்கள். ஒரு படத்தைத் திரையிட்டு, அதில் வரும் மனநோய்ச் சித்திரிப்பில் எது உண்மை எது சினிமா என்று சண்டை போடுவார்கள். செய்முறைத் தேர்வுக்கு 'சப்ஜெக்ட்' பிடிப்பது பெரும் பாடு என்பது உளவியல் மாணவர்களுக்குத் தெரியும். சோதனைக்கு உட்கார ஒரு மனிதர் வேண்டும். குறித்த நேரத்துக்கு வரவேண்டும். நடுவில் ஓடிப்போகக் கூடாது. வணிகவியல் வகுப்பிலிருந்து ஆள் பிடித்துத் தருவதும் மன்றத்தின் தொண்டுதான்.

ஒன்றில் மட்டும் மன்றங்கள் கையைச் சுட்டுக்கொள்கின்றன: கல்லூரி விழாவில் 'இலவச கவுன்சலிங்' என்று ஒரு ஸ்டால். இரண்டாம் ஆண்டு மாணவி முன்னால் வந்து உட்கார்ந்த ஒருவர் திடீரென்று தற்கொலை எண்ணத்தைச் சொல்லி அழுதால் அவள் என்ன செய்வாள்? ஸ்டால் போடட்டும். உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லட்டும். அரசின் 'டெலி மானஸ்' 14416 எண்ணை எழுதி ஒட்டட்டும். ஆலோசனை சொல்ல உட்காரவேண்டாம்.

படிவத்தை அந்தப் பெண் நிரப்பவில்லை. அவள் ஆசிரியர் யாருமே அந்தச் சங்கத்தைக் கேள்விப்பட்டதில்லையாம். அதற்கு வைத்திருந்த பணத்தை டிசம்பரில் நடக்கும் ஒரு மாநாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கதவைத் தட்டினாள். மன்றத்தில் சப்ஜெக்ட் கிடைக்கவில்லையாம், நான் உட்கார்ந்தேன். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு, இரட்டைக் கோட்டுக்கு நடுவே பென்சிலை ஓட்டி ஒரு நட்சத்திரம் வரையவேண்டும். பென்சிலை மேலே தள்ளினால் கண்ணாடியில் கீழே போனது. மூலைக்கு மூலை கோட்டைத் தாண்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், என் பிழைகளை எண்ணி ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.