லீக்கிலிருந்தே நீக்கினார்கள்... 43 வருடம் கழித்து கோப்பையைத் தூக்கினார்கள்!

அணிக்கு 13 பேர், முட்டை வடிவப் பந்து... இதுதான் ரக்பி லீக். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இந்த விளையாட்டுக்கு வெறித்தனமான ரசிகர்கள் உண்டு. அங்கே 1908-ல் நடந்த முதல் தொடரின் இறுதிப்போட்டியில், ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியை 14-12 என வீழ்த்தி கோப்பையை வென்றது சவுத் சிட்னி.

அடுத்த வருடம் நடந்தது செம வேடிக்கை. எதிரணியான பால்மெய்ன் இறுதிப்போட்டிக்கு வரவே இல்லை. ஆளில்லாத எதிர்ப்பக்கம் பந்தை உதைத்து, மீண்டும் சாம்பியன் ஆனது சவுத் சிட்னி!

1971-க்குள் 20 கோப்பைகள். அதன்பிறகு ஒன்றுகூட இல்லை. 1999 சீஸன் முடிந்ததும் வந்தது பேரிடி. அணிகளின் எண்ணிக்கையை 14-ஆகக் குறைக்க முடிவெடுத்த நிர்வாகம், சவுத் சிட்னியை லீக்கிலிருந்தே நீக்கியது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பல்லாயிரம் பேர் சிட்னி வீதிகளில் பேரணி போனார்கள். கிளப் நீதிமன்றம் ஏறியது. 2001-ல் தீர்ப்பு சாதகமாக வர, 2002-ல் அணி மீண்டும் களமிறங்கியது.

ஆனாலும் கோப்பைக்கு இன்னும் 12 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 இறுதிப்போட்டி. எதிரணி கேன்டர்பரி. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடங்களிலேயே மோதலில் சாம் பர்கெஸ்ஸின் கன்ன எலும்பு உடைந்தது. மனிதர் வெளியேறவில்லை, கடைசிவரை ஆடினார். 30-6 என அபார வெற்றி. ஆட்டநாயகன் விருதும் அவருக்கே!

43 வருடத் தாகம் தீர்ந்தது. ஒருகாலத்தில் 'வேண்டாம்' என்று நீக்கப்பட்ட அணிதான், 21 கோப்பைகளோடு இன்றும் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது.