வீடற்றோர் விடுதியும் ஊர்க் குழுவும்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பும் இல்லமும் வீடு. பிறவித் துன்பம் நீங்கிய பேறும் வீடு. இரண்டாவது வீட்டை நாடிச் சென்ற ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு பிறந்தது நம் திருச்சுழியில்தான். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது முதலாவது வீட்டைப் பற்றியே. அது இல்லாதவர்க்கு அண்டை அயலார் ஒன்றுகூடி என்ன செய்யலாம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வீடற்றோரைக் கணக்கெடுப்பது எளிதன்று. கணக்கெடுக்க வருபவர் கதவைத் தட்டுவார். கதவே இல்லாதவரை எவ்வாறு காண்பது? ஆகவே 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் நாள் இரவை இதற்கென்றே ஒதுக்கி, நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் கோயில் வாயிலிலும் படுத்திருந்தோரை எண்ணினார்கள். இந்தியா முழுவதிலும் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு கணக்கில் வந்தனர். எண்ணுவோர் கண்ணுக்குத் தப்பியோர் இதில் சேரார்.

இஃது எங்கோ பெருநகரத்துக்கு உரிய துன்பம் என்று நாம் இருந்துவிடலாகாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் களத்தில் வேலையில்லை. அப்போது மதுரைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிப் புறப்படுவோர் பலர். போன இடத்தில் நோயுற்றாலோ முதுமையுற்றாலோ தெருவே அவர்களுக்குக் கதியாகிறது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் முடங்கிக் கிடக்கும் முதியவர் வேறோர் ஊரின் மகன். வேறோர் ஊரில் அவ்வாறு கிடப்பவர் நம் ஊரின் மகனாக இருத்தல் கூடும்.

ஆதரவற்றோருக்கு இடமளிக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் உலக அறவி, பசித்தோரும் பிணியாளரும் தங்கிய பொது அம்பலமே. 1867ஆம் ஆண்டு வள்ளலார் வடலூரில் சத்திய தருமச் சாலையை நிறுவியபோது, ஏறக்குறைய 80 காணி நிலத்தைத் தந்தவர்கள் அவ்வூர் மக்களே. நம் பக்கத்திலும் சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்தார்கள். கள்வர் பயம் மிகுந்த அக்காலத்தில், வண்டியும் சரக்கும் மாடும் மனிதரும் இரவில் அச்சமின்றித் தங்க அவை உதவின. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து உறவின்முறையார் பொதுநிதி சேர்த்தனர். அதிலிருந்து கிணறும் மண்டபமும் பள்ளியும் தோன்றின.

அந்த முறையின் வலிமை எங்கே இருந்தது? கொடுத்தவர் பலர், கொடுத்தது சிறிது, கணக்கோ பலர் கண்முன் நின்றது. அதன் எல்லையையும் நாம் மறைத்தல் வேண்டா. பழைய சாவடிகளும் சத்திரங்களும் பெரும்பாலும் சாதி பார்த்தே இடம் தந்தன. மேலும், அவை வழிப்போக்கருக்கு உரியவை. வழிப்போக்கருக்குப் பொழுது விடிந்தால் போக ஓர் இடம் உண்டு. வீடற்றவருக்கு அது இல்லை. ஆகவே இன்றைய விடுதி, எல்லார்க்கும் திறந்த கதவும், திரும்பிச் செல்ல வழிகாட்டும் கையும் உடையதாக வேண்டும்.

சட்டமும் இத்திசையில் நடந்திருக்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில், வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1985இல் கூறியது. 2010இல் டில்லிக் குளிரில் வீடற்றோர் மடிந்த செய்தியை ஒட்டி, நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு விடுதியேனும் வேண்டும் என்று அதே நீதிமன்றம் பணித்தது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒருவருக்கு 50 சதுர அடி இடம், குடிநீர், கழிப்பிடம், சமையற்கட்டு ஆகியவற்றை அளவுகோலாக வகுத்தது. அருப்புக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை 2011இல் லட்சத்தை எட்டவில்லை. லட்சக் கணக்கில் மட்டும் அளந்தால், இத்தகைய சிற்றூர்களும் சிறு நகரங்களும் விடுபட்டுப்போகும். அவ்விடத்தில்தான் ஊர்க் குழு முன்வர வேண்டும்.

கட்டடத்தை அரசு கட்டித் தரலாம். அதற்கு உயிர் தருவது அக்கம்பக்கமே. குழு செய்யத்தக்க வேலைகள் மூன்று. முதலாவது, அறிதல். எந்தக் கடைத் திண்ணையில் யார் படுக்கிறார் என்பது அலுவலகக் கோப்புக்குத் தெரியாது. தேநீர்க் கடைக்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் தெரியும். அவர்கள் குழுவில் இருந்தால், தயங்கி நிற்பவரும் நம்பி வருவார். இரண்டாவது, இணைத்தல். முகவரி இல்லாதவருக்குக் குடும்ப அட்டையும் முதியோர் உதவித்தொகையும் கிட்டுவது அரிது. விடுதியே ஒரு முகவரியாகி, ஆசிரியரோ ஓய்வுபெற்ற எழுத்தரோ விண்ணப்பம் எழுதித் தந்தால், அடைபட்ட வழி திறக்கும். மூன்றாவது, அச்சம் நீக்குதல். புதியவர் வந்தால் திருட்டு வருமோ, நோய் பரவுமோ என்று தெருவினர் ஐயுறுவது இயல்பு. அந்த ஐயத்தை ஏளனம் செய்யாமல், மாதம் ஒருமுறை கூட்டத்தில் வெளிப்படையாகக் கேட்டு விடை கூற வேண்டும். முறையிட ஓர் இடம் இருந்தால் பகை வளர்வதில்லை.

மனநோயால் தெருவில் அலைவோரைப் பற்றியே அச்சம் மிகுதி. பெல்ஜிய நாட்டில் கீல் என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூர்த் தேவாலயத்துக்கு அழைத்துவரப்பட்ட மனநோயாளருக்கு அங்கே இடம் போதாமற்போக, ஊரார் தம் வீடுகளிலேயே அவர்களை ஏற்றனர். பல நூற்றாண்டுகளாக அவ்வழக்கம் தொடர்ந்தது. 1930களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு குடும்பங்களோடு வாழ்ந்தனர். சென்னையில் 1993இல் தோன்றிய பான்யன் அமைப்பும், தெருவில் தவித்த பெண்கள் சிகிச்சை பெற்று இல்லம் திரும்ப இயலும் என்று காட்டியிருக்கிறது.

மாணவர்களே, இத்தகைய குழு அமையுங்கால் ஒன்றை மறவாது கேளுங்கள்: விடுதியில் தங்கியிருப்பவருக்கு அதில் இடம் உண்டா? அவர் பேசாத குழுவில் தருமம் இருக்கும். நியாயம் முழுமை பெறாது. கூரை எங்கே ஒழுகுகிறது, கழிப்பிடத்தில் விளக்கு எரிகிறதா, பெண்கள் அச்சமின்றி உறங்குகிறார்களா என்பன உள்ளே படுத்தவர்க்கே தெரியும்.

விருதுநகரில் வீடுதோறும் நாள்தோறும் எடுத்துவைத்த பிடி அரிசியைக் கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையே வளர்த்தார்கள். அந்தப் பிடி அரிசியை அளித்தோர் பெரும் செல்வர் மட்டும் அல்லர். அன்றாடம் உலை வைத்த தாய்மாரே. இன்று நாம் எடுத்துவைக்க வேண்டியது அரிசி மட்டுமன்று. வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு விண்ணப்பம் எழுதும் கை, ஒருவர் பெயரைக் கேட்டு நினைவில் வைக்கும் பழக்கம், இவையும் பிடி அரிசியே.