முதுகில் சுமந்த படகு

ஏரிக்கரைத் தொடர் – 11

படகைத் தேர்ந்தெடுக்கும் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. 3 மீட்டருக்குள் நீளம், காற்றடைக்கும் தளம், பி.வி.சி. துணி. காரணங்களைத் திரும்ப எழுதப் போவதில்லை. பழைய இதழ் கையில் இருப்பவர்கள் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் அவுட்போர்ட் எஞ்சின் என்று சொல்லியிருந்தேன். வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் பீட்டர் ஹால்கெட் என்பவர் வந்து நிற்கிறார். அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஹால்கெட் பிரிட்டிஷ் கடற்படையில் லெப்டினன்டாக இருந்தவர். 1840களில் அவர் ஒரு மேலங்கி செய்தார். துணி இரண்டுக்கு நடுவே ரப்பர் கரைசலைப் பூசி ஒட்டிய மெக்கின்டாஷ் துணி. அந்தக் காலத்தில் மழைக்கோட்டு தைத்த அதே துணி. போட்டுக்கொண்டு நடக்கலாம். வழியில் ஆறு குறுக்கிட்டால் கழற்றி விரித்து, கூடவே வரும் சிறு துருத்தியால் காற்றடித்தால் சில நிமிடங்களில் அது ஒருவர் உட்காரும் நீள்வட்டப் படகாகிவிடும். கைத்தடியில் ஒரு பலகையைப் பொருத்தினால் துடுப்பு. குடையை விரித்துப் பிடித்தால் பாய். படகின் எடை மூன்றரைக் கிலோவுக்குள். காற்று நிற்கும் குழாயை நான்கு அறைகளாகப் பிரித்திருந்தார், ஒன்று கிழிந்தாலும் மற்றவை ஆளைத் தாங்கட்டும் என்று. இன்றைக்கு ரொறன்ரோவில் எந்தக் கடைக்குப் போனாலும் விற்பனையாளர் முதலில் காட்டுவது தனித்தனிக் காற்றறைகளைத்தான். அதை ஒரு மனிதர் ஏறக்குறைய 180 வருடங்களுக்கு முன்பே யோசித்து, தைத்து, தண்ணீரில் இறக்கியும் பார்த்துவிட்டார்.

இது அவருக்கு எங்கிருந்து தோன்றியது? இந்த மண்ணிலிருந்துதான். ஹால்கெட்டின் தந்தை ஹட்சன்ஸ் பே கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். கனடாவின் வடக்கில் ஆறுகளும் ஏரிகளும் மனிதர்களை எப்படி மறித்தன என்ற கதைகள் அந்த வீட்டுக்குப் புதியவை அல்ல. அவற்றில் மிகக் கொடியது ஆர்க்டிக் ஆய்வாளர் ஜான் ஃபிராங்க்ளினின் முதல் தரைப்பயணம். 1821 இலையுதிர் காலத்தில் அவருடைய ஆட்கள் ஆர்க்டிக் கரையிலிருந்து தரைவழியாகத் திரும்புகிறார்கள். பனி தொடங்கிவிட்டது, உணவு இல்லை. இரண்டு கனூக்களை ஆட்கள் தலைமேல் சுமந்து வருகிறார்கள். காற்று தள்ளுகிறது, பாறையில் கால் வழுக்குகிறது. சுமப்பவர் விழுந்ததில் ஒரு கனூ நொறுங்கியது. அதன் மரத்தை எரித்தே அன்றைய சமையலை முடித்தார்கள். பின்னர் இரண்டாவதும் விழுந்து உடைந்தது. இனிச் சுமக்க முடியாது என்று அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள். மீன்பிடி வலைகளையும் ஏற்கெனவே எறிந்திருந்தார்கள்.

பிறகு காப்பர்மைன் ஆறு வந்தது. அகலம் நூற்றுச் சொச்சம் மீட்டர். கையில் படகு இல்லை. வில்லோக் குச்சிகளைக் கட்டித் தெப்பம் செய்தார்கள். பச்சைக் குச்சி, அது சரியாக மிதக்கவில்லை. மருத்துவர் ஜான் ரிச்சர்ட்சன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீந்தினார். நடு ஆற்றில் கையும் காலும் விறைத்துப்போக, குற்றுயிராக இழுத்தெடுத்தார்கள். கடைசியில் பியேர் சென் ஜெர்மேன் என்ற மொழிபெயர்ப்பாளர் படுக்கைகளைச் சுற்றியிருந்த கான்வாஸ் துணியை எடுத்து, குச்சிகளை வளைத்துச் சட்டம் செய்து, ஒருவர் மட்டும் ஏறக்கூடிய ஒரு சிறு ஓடத்தைக் கட்டினார். அக்டோபர் 4ஆம் தேதி ஒவ்வொருவராக அக்கரை சேர்ந்தார்கள். அந்த ஆற்றங்கரையில் ஒரு வாரத்துக்கும் மேல் போய்விட்டது. 20 பேரில் 11 பேர் அந்தப் பயணத்திலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

இதைப் படித்த பிறகு ஹால்கெட்டின் மேலங்கியை விசித்திரப் பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கனூக்களில் குறை ஏதும் இல்லை. தண்ணீரில் அவை நன்றாகவே ஓடின. அவற்றைத் தண்ணீர்வரை கொண்டுவர முடியவில்லை, அவ்வளவுதான். படகின் எடையைத் தரையில் அளக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு அதிலிருந்து வடிவத்தைத் தொடங்கியவர் ஹால்கெட்.

கடற்படைத் தலைமையகம் கண்டுபிடிப்பைப் பாராட்டியது, ஆராய்ச்சிப் பயணங்களுக்கு உதவும் என்றது, கடற்படைக்கு வேண்டாம் என்றது. தூண்டில்காரர்களுக்கும் வாத்து வேட்டைக்காரர்களுக்கும் விற்கப் பார்த்தார், அவர்களும் வாங்கவில்லை. அதை உண்மையாகப் பயன்படுத்திக் காட்டியவர் ஜான் ரே. ஓர்க்னித் தீவுக்காரர், ஹட்சன்ஸ் பே கம்பெனியின் மருத்துவர், வடக்கில் இன்யூட் மக்களிடம் கற்றுக்கொண்டு அவர்களைப் போலவே வாழத் தெரிந்தவர். 1846–47இல் ரிபல்ஸ் பே பயணத்துக்கு ஹால்கெட்டின் காற்றுப் படகு ஒன்றை எடுத்துப் போனார். அதில் ஏறித்தான் மீன்வலை போட்டார்கள், வலையைச் சோதித்தார்கள். பாறைக் கரையோரமாக வாரக்கணக்கில் உழைத்தும் அந்தப் படகுக்குப் பழுதுபார்க்கும் வேலை வரவில்லை. காற்றுப் படகில் போய் மீன்பிடிப்பது இந்த நாட்டில் அன்றே தொடங்கிவிட்டது. ஹால்கெட் படகு ஒன்றை ஓர்க்னியில் ஸ்ட்ரோம்னெஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். ஸ்கொட்லாந்துப் பக்கம் போகிறவர்கள் அந்தத் தீவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இனி எஞ்சின்.

ஸ்காபரோவில் எனக்குப் பழக்கமான ஒரு அண்ணர் இருக்கிறார். வடமராட்சிக் கரையில் வளர்ந்தவர். பத்தொன்பது வயதிலேயே சொந்தமாகத் தொழிலுக்குப் போனவர். ஃபைபர் படகில் 8 குதிரை எஞ்சின். கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், விடியப்புறம் மறுபடி தோளில் தூக்கிக்கொண்டு வருவார். எத்தனை குதிரை வாங்கலாம் என்று அவரைக் கேட்டேன். "தம்பி, குதிரையைப் பிறகு பாப்பம். உன்ர தோள் எத்தினை கிலோ தாங்கும் எண்டு முதல் சொல்லு" என்றார். ஹால்கெட்டின் பெயரே அவர் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கடைக்குள் போனால் எஞ்சின்கள் தாமாகவே மூன்று வகையாகப் பிரியும். 2.3, 2.5 குதிரை ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் 13 முதல் 18 கிலோவுக்குள். கைப்பிடியைப் பற்றி ஒரு கையால் தூக்கலாம். அடுத்தது 4, 5, 6 குதிரை. இவை பெரும்பாலும் ஒரே சிலிண்டர் உடம்பை வைத்துக்கொண்டு வெவ்வேறு சக்தியில் விடப்படுபவை. மூன்றும் ஏறத்தாழ ஒரே எடை, 25 கிலோ சுற்றுவட்டம். 8, 9.9 குதிரைக்குப் போனால் 40 கிலோவை நெருங்கும். நம்முடைய 2.9 மீட்டர் படகின் கடையாலில் அந்த எடையையும் தொங்கவிட்டு, ஆளும் பின்னால் உட்கார்ந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும். எதிர்க்காற்று அடியில் புகுந்தால் கவிழவும் கூடும். படகின் பின்பலகையில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்சக் குதிரைவலு எழுதியிருக்கும். அதைத் தாண்டுவது உயிரோடு விளையாட்டு.

3 மீட்டருக்குக் குறைந்த படகு, தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும்வரை மணிக்கு 7 கிலோமீட்டர் அளவில்தான் ஓடும். அதற்கு மேல் தள்ளினால் தானே எழுப்பிய அலையில் ஏற முடியாமல் திணறும். நீளம் விதிக்கிற எல்லை அது. ஓர் ஆளோடு அந்த வேகத்துக்கு 2.5 குதிரையே போதும். அதனால் 2.5இலிருந்து 4க்குப் போவது பணத்துக்கும் முதுகுக்கும் நஷ்டம் என்பது என் முடிவான கருத்து. 6 குதிரையில்தான் கதை மாறும். தளத்தில் முழுக் காற்றும் அடியில் காற்றுக் கீலும் இருந்தால், ஒற்றை ஆளோடு படகு தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கும். இருவராகப் போனால் பெரும்பாலும் எழும்பாது; ஆனால் எதிர்க்காற்றில் கரை திரும்பும் தெம்பு இருக்கும். சிம்கோ போன்ற அகன்ற ஏரியில் பிற்பகல் காற்று எழும்பினால் அந்தத் தெம்பு வேண்டும். ரைஸ் ஏரிபோல ஆழம் குறைந்த, பாசி மண்டிய இடங்களில் கரையோரமாகத் தூண்டில் போடுபவருக்கு அது வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஹொண்டாவின் 2.3 குதிரை எஞ்சின் காற்றால் குளிர்வது. நீரை உறிஞ்சும் பம்ப் இல்லை, பாசி அடைக்கும் என்ற கவலையும் இல்லை. சத்தம் கூடுதல்தான். பின்கியர் கிடையாது, எஞ்சினையே முழு வட்டமாகத் திருப்பிப் பின்னால் வரவேண்டும். ஒரு லிட்டர் அளவுத் தொட்டி அதன் தலையிலேயே இருக்கிறது. தனியாகப் போகும் வாசகர் கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

தண்டின் நீளத்தைக் கவனியுங்கள். இந்தப் படகுகளுக்கு 15 அங்குலக் குட்டைத் தண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று 20 அங்குலத்தை வாங்கினால் ஆழம் குறைந்த இடத்தில் காற்றாடி தரையைக் கிளறும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைக் காரில் படுக்கவைக்கும் பக்கம் ஒன்றுண்டு, கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்; மறுபக்கம் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கரைக்கு வந்ததும் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிடுங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கிப் பிசினாகாமல் இருக்க அதுவே வழி. இதை எனக்குச் சொல்லித்தந்தவரும் வடமராட்சி அண்ணர்தான். சிவப்புச் சுருள் கயிறு ஒன்று எஞ்சினோடு வரும். அதன் மறுமுனை உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், எப்போதும். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் அதே நொடியில் நின்றுவிடும்.

சட்டம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கனடாவில் எஞ்சின் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மின்மோட்டாராக இருந்தாலும், ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். பலரும் எடுப்பது படகு ஓட்டுநர் அட்டை. 10 குதிரை தொட்டால் படகுக்கும் உரிம எண் வாங்க வேண்டும். சந்தையில் 9.9 குதிரை எஞ்சின்கள் இத்தனை இருப்பதற்கு இத்தகைய 10 குதிரை எல்லைகள் ஒரு காரணம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, பெரியவர் துணையின்றி, 10 குதிரைக்கு மேல் ஓட்டக்கூடாது. ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி, 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் அள்ளும் கலம், விசில் ஆகியவை படகில் இருக்க வேண்டும். துடுப்பையும் விட்டுவிடாதீர்கள். ஒன்ராறியோவில் படகை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் முன் நீர்ச்செடிகளை அகற்றி, தண்ணீரை வடியவிட வேண்டும் என்பது 2022 முதல் சட்டம். சீப்ரா மட்டிகள் ஏரி விட்டு ஏரி பரவுவதைத் தடுக்க வந்தது. காற்றுப் படகை நன்றாக உலர்த்தி மடித்தால் சட்டத்தையும் காப்பாற்றலாம், துணியில் பூஞ்சை பிடிக்காமலும் பார்க்கலாம்.

மின்மோட்டாரையும் இந்த வாரமே முடித்துவிட எண்ணியிருந்தேன். லித்தியம் பேட்டரி வந்த பிறகு அந்தக் கணக்கே மாறிவிட்டது: 100 ஆம்ப்-அவர் ஈய பேட்டரி 30 கிலோ அளவுக்குக் கனத்த இடத்தில் லித்தியம் 12 கிலோ அளவில் வந்து நிற்கிறது. ஆனால் ஒரு கிலோவாட்-மணி சக்தியில் எவ்வளவு தூரம் போகலாம், குளிரில் ஏன் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பதையெல்லாம் மிச்சமிருக்கிற இடத்தில் அடக்க முடியாது. அடுத்த வாரம் அதற்கு மட்டும்.

அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று இருப்பவர்களுக்கு: தனியாகப் போகிறவர் 2.3 அல்லது 2.5 குதிரை வாங்குங்கள். இருவராகப் பெரிய ஏரிக்குப் போகிறவர்கள், படகுத் தகடு அனுமதித்தால், 6 குதிரை. எதுவானாலும் பணம் கட்டும் முன் எஞ்சினைக் கையில் எடுத்து, கடைக்குள்ளேயே ஐம்பது அடி நடந்து பாருங்கள். இடையில் ஒருமுறையாவது கீழே வைக்க வேண்டியிருந்தால், அதைவிடச் சின்னதை வாங்குங்கள்.